மூலகாரணம்

முப்பத்தொன்பது பேர் இருந்த தளத்தில்
இப்போது ஆறு பேர்.
பழக்கூடைக்காரனுக்கு யாரும் சொல்லவில்லை.
திங்கள்தோறும் முப்பத்தொன்பது வாழைப்பழம் வருகிறது.
புதனன்று புள்ளி விழும்,
வெள்ளிக்குள் கறுத்துவிடும்.
நான் இரண்டு தின்கிறேன்.
ஒன்று பசிக்கு, ஒன்று ஆத்திரத்துக்கு.

துர்க்கு நகரத்து ஜனவரி.
ஒன்பதரை மணிக்கு மேல்
வெளிச்சம் என்ற பெயரில் ஏதோ ஒன்று
அவுரா ஆற்றுப் பனிக்கட்டிமேல் வந்து நிற்கும்,
உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல.

ஆட்குறைப்பு என்று அவர்கள் சொல்லவில்லை.
மாற்றத்துக்கான பேச்சுவார்த்தை என்றார்கள்.
ஆறு வாரம் நடந்தது.
யார் யாரோடு பேசினார்கள் என்று
இன்றுவரை தெரியாது.
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
பதினைந்து நிமிடத்துக்கு ஒருவராகக்
கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்கள்.
கிர்சி வெளியே வந்தாள்.
தன் காப்பிக் கோப்பையைக் கழுவித் துடைத்து
அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்,
மத்தியானம் திரும்பிவிடுகிறவள் போல.

என்னைக் கூப்பிடவில்லை.
அப்பாடா என்றேன், வாய்விட்டு.
பக்கத்து நாற்காலியில் ரைமோ இருந்தான்.
அவனைக் கூப்பிட்டிருந்தார்கள்.

நாம் ஒரு குடும்பம் என்கிறார் ஸ்டாஃபான்.
எங்கள் வீட்டில் யாரையும்
எக்செல்லில் போட்டு
சம்பளவாரியாக வரிசைப்படுத்தியதில்லை.
மனஉறுதி வகுப்பு என்று ஒன்று வைத்தார்கள், கட்டாயம்.
மூச்சை உள்ளே இழுங்கள் என்றாள் திரையில் ஒரு பெண்.
இழுத்துப் பிடித்திருந்தபோதே
மூன்று சர்வர்கள் விழுந்தன.

ஏழு பேர் முறைவைத்துப் பார்த்த இரவுப்பணி
இப்போது ஒரு வாரம் பெத்தெரி, ஒரு வாரம் நான்.

வியாழன் அதிகாலை மூன்று பத்து.
விபத்து இழப்பீட்டுப் பட்டுவாடா நின்றுவிட்டது.
விடிந்தால் பதினோராயிரம் பேருக்குப் பணம் போகவேண்டும்.
நிரலைத் திறந்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டாம் வரிக்கு மேலே
ஒரு குறிப்பு:
"இதைத் தொடாதே. தொட்டே ஆகவேண்டுமென்றால்
என்னைக் கூப்பிடு. எந்த நேரமானாலும். தூலிக்கி."
கீழே அவள் எண்.

கூப்பிட வெட்கமாக இருந்தது.
கூப்பிட்டேன்.
இரண்டாவது மணியில் எடுத்தாள்.
தூங்கிய குரல் இல்லை.
"எத்தனை பேர் மிச்சம்?"
"ஆறு."
"ஐந்து என்றல்லவா கேள்விப்பட்டேன்."
"அது அடுத்த மாதம்."

பிறகு சொன்னாள்:
"கடைசிப் பதிவில் ஒரு காற்புள்ளி கூடுதலாக இருக்கும்.
குவோப்பியோ கிளை அப்படித்தான் அனுப்பும்.
பதினாறு வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.
அதை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டு."

எடுத்தேன். ஓடியது.
முடிய இருபது நிமிடம்.
அவள் போனை வைக்கவில்லை,
நானும் வைக்கவில்லை.
அந்தப் பக்கம் ஒரு நாய் தண்ணீர் குடிக்கும் சத்தம்.
இந்தப் பக்கம் எண்கள்
ஆயிரம் ஆயிரமாக ஏறிக்கொண்டிருந்தன.
முடிந்தது என்றேன்.
"இதற்கு நான் காசு கேட்கவேண்டும், இல்லையா?"
"கேள்."
"யாரிடம்?"

அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டாயக் கட்டம்:
மூலகாரணம். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்.
வன்பொருள். வலையமைப்பு.
வெளி ஒப்பந்ததாரர். மனிதத் தவறு.
கடைசியைத் தேர்ந்தெடுத்தேன்.
யாருடைய தவறு என்று
படிவம் கேட்கவில்லை.
காலையில் ஸ்டாஃபான் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்:
"அருமை! இனிமேல் இன்னும் கவனமாக இருப்போம்."

வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே
நானூற்றுப் பன்னிரண்டாம் வரிக்குப் போனேன்.
அவள் குறிப்புக்குக் கீழே எழுதினேன்:
"தூலிக்கி இப்போது இங்கே வேலை செய்யவில்லை.
கூப்பிடாதே.
கூப்பிட்டால் எடுத்துவிடுவாள்."