இடப்பக்கம் ஷெர்லின், வலப்பக்கம் ததேயுஸ்

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் புகைபோடும் கொட்டகை
ஞாயிறு மட்டும் எங்களுக்கு.
கம்பியில் தொங்கும் ஷீட்டுகள் சத்தத்தைத் தின்றுவிடும்.
அக்கம்பக்கத்தில் புகார் இல்லை.
சட்டையில் மட்டும்
புதன்கிழமை வரைக்கும் அந்த வாடை.

ததேயுஸ் மஸ்கட் போனபோது
ஷெர்லினைச் சேர்த்தோம்.
பதினோராம் மாதம் அவன் திரும்பி வந்து
ஸ்டிக்கோடு வாசலில் நின்றான்.
யாரையும் போகச் சொல்ல
ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை.
அப்படித்தான் ஆனோம்
ரெண்டு டிரம் வைத்த ராக் பேண்ட்.
அது எங்கள் கொள்கை என்று
லோக்கல் சேனலில் சொன்னது பொய்.

குட்டியானை ஒன்று போதாமல் ரெண்டானது.
ஆளுக்கு விழும் பங்கு சுருங்கியது.
முட்டத்தில் திருவிழாக் கமிட்டிக்காரர்
மேடையை முழம்போட்டு அளந்துவிட்டுக் கேட்டார்:
"எல மக்கா, ஒரு கொட்டுக்குத்தானல துட்டு பேசுனோம்?"

நான் பேஸ் கிட்டார்.
இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பவன்.
கூட்டத்துக்கு அது ஒரே அடி.
ஒன்றில்லை, எனக்குத் தெரியும்.
ஷெர்லின் மயிரிழை முந்துவாள்,
அவன் மயிரிழை பிந்துவான்.
லைட்ஹவுஸ் மேட்டிலிருந்து பார்த்தால்
கீழே பாறையில் அலை வெடிப்பது
கண்ணுக்கு முதலில், காதுக்குப் பிறகு.
அந்த இடுக்கில்தான்
என் விரலை வைக்கிறேன்.

ஆறு மாதமாக அவர்களுக்குள் பேச்சில்லை.
சிம்பல் ஒன்று விரிசல் விட்ட விவகாரம்.
யார் அடித்து விட்டதென்று
சிம்பலுக்கும் தெரியாது.
"நாலாம் பாட்டு ஓடுதுன்னு அவகிட்ட சொல்லு."
"ஓடுனா பின்னால வரச்சொல்லு."
எல்லாம் என் வழியாக.

அன்று அந்த நாலாம் பாட்டில்
ததேயுஸின் ஸ்டிக் ஒன்று முறிந்து
முன்வரிசை நாற்காலிகளுக்குள் போய் விழுந்தது.
மாற்று ஸ்டிக் இருந்த பை
மேடைக்குக் கீழே, ஜெனரேட்டர் பக்கத்தில்.
என் இடது காதில் அடிமேல் அடி,
வலது காதில் பாதிக்குப் பாதி உப்புக்காற்று.
நிமிராமல்
ஒரு கையால் தாளத்தைப் பிடித்துக்கொண்டு
மறு கையில் இருந்ததை
என் தலைக்கு மேலே எறிந்தாள் ஷெர்லின்.
பிடித்தான்.
மூன்று கோலில் முடிந்தது மிச்சப் பாட்டு.
கமிட்டிக்காரர் கைதட்டியதைப் பார்த்தேன்,
துட்டைக் கூட்டவில்லை.

இறங்கினதும் பேசுவார்கள் என்று நினைத்தோம்.
ஆளுக்கொரு குட்டியானையில் ஏறிக்கொண்டார்கள்.
தக்கலை தாண்டும்போது
முன்வண்டியிலிருந்து எனக்கு ஃபோன்:
"ஸ்டிக் திரும்ப வேணுமான்னு அவகிட்ட கேளு."
கேட்டேன்.
ஷெர்லின் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.
"அதையும் உடைக்கட்டும்னு சொல்லு."