அரை முகடு

பிப்ரவரிக் காற்று எங்கள் தகரத்தை உருவிக்கொண்டு போய்
பக்கத்துச் செம்பனை வரிசையில் போட்ட மறுநாள்
குத்தகைக்காரர் கோ ஒரு தாளை நீட்டினார்.
மெரந்தி, இருபது அடி, நாற்பது துண்டு.
கீழே ஒரு தொகை. அதற்கும் கீழே
கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது.

நான் ஆலையின் எடைமேடையில் இருப்பவள்.
பகாவ் வட்டாரத்துக் குலைகளில் பாதி
என் சன்னலைத் தாண்டித்தான் எண்ணெய்க்குப் போகும்.
தாளில் எழுதியதை
உடனே நம்புகிற வேலை இல்லை அது.

ராத்திரி, நீலத் தார்ப்பாயின் கீழ்
வீட்டை எண்களாகப் பிரித்துப் போட்டேன்.
அகலம் இருபத்துநான்கு. பாதி, பன்னிரண்டு.
முகடு ஐந்தடி உயரம்.
இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி மூலம் எடுத்தால்
பதின்மூன்று,
ஒரு புள்ளி மிச்சமில்லாமல்.
படிவம் மூன்றில் இதே கணக்குக்கு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
அந்தச் சாய்ந்த கோட்டுக்கு அடியில்
யாரோ படுத்துத் தூங்குவார்கள் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

இறவாரம் இரண்டடி, சாய்வில் அது இருபத்தாறு அங்குலம்.
ஆகப் பதினைந்தடி இரண்டங்குலம்.
பதினாறடி மரம் போதும், மிஸ்டர் கோ.
வீட்டு நீளம் முப்பத்திரண்டு, இரண்டடிக்கு ஒன்று.
பதினாறு சோடி போதும், மிஸ்டர் கோ.

அவர் இடக்கையை விரித்துக் காட்டினார்.
விரல் ஐந்து. சந்து நான்கு.
'பதினேழு சோடி.'
நான் எண்ணியது சந்துகளை.
அப்படியானால் மீதி ஆறு மரம் யாருக்கு என்றேன்.
விரல்களை மடக்கிக்கொண்டார்.

மரத்தை நானே வாங்கினேன்.
ரம்பம் தம்பி லோகேந்திரனுடையது.
ஆலையில் பற்றவைப்பவன்,
இரும்பைத் தவிர எதையும் மதிக்காதவன்.
மூலைமட்டத்தின் ஒரு கரத்தில் பன்னிரண்டு, மறு கரத்தில் ஐந்து,
மரத்தின் மேல் பன்னிரண்டு தடவை நகர்த்தினால்
முகட்டிலிருந்து சுவருக்கு வந்துவிடலாம்.
சுவரில் உட்காருகிற இடத்தில்
குருவி வாய் திறந்தது போல ஒரு வெட்டு.
மூன்றாம் ஞாயிறுதான் அது ஒழுங்காக விழுந்தது.
அதற்கு முந்தைய குருவிகள்
கோழிக்கூண்டின் காலாகிவிட்டன.

ஒன்றை வைத்து அடுத்ததை, அடுத்ததை வைத்து அதற்கடுத்ததை
வரைந்துகொண்டே போனால்
பென்சில் கோட்டின் பருமன் ஏறி ஏறி
கடைசி மரத்தில் ஒரு விரலாகிவிடும்.
ஆகவே ஆறையும் முதல் மரத்தை வைத்தே வரைந்தோம்.
ஆறும் ஒரே மாதிரி தப்பாக இருந்தன.

தூக்கி நிறுத்தியபோது
தலைகள் முகட்டுப் பலகையில் முட்டி,
குருவி வாய்கள் சுவரைக் கவ்வாமல்
ஓரங்குலம் வெளியே தொங்கின.
லோகேந்திரன் உச்சியிலிருந்து பலகையைத் தட்டினான்.
'இதோட கனம் எங்கக்கா?'

இரண்டங்குலப் பலகை.
என் பன்னிரண்டடி அதன் நடுவயிற்றில் போய் முடிகிறது.
காகிதத்தில் அதுவரை போகலாம்.
மரம் தோலோடு நின்றுவிட வேண்டும்.

காலை ஏழிலிருந்து
குலையோடு லோரி, வெறும் லோரி,
மொத்தத்தில் லோரியைக் கழி,
மொத்தத்தில் லோரியைக் கழி.
பதினொரு வருசம்.

மேலே ஏறி உட்கார்ந்தேன்.
ஆலைப் புகை, ரொம்பின் சாலை, பசார் மாலாம் குடைகள்,
எல்லாம் ஐந்துக்குப் பன்னிரண்டாகத் தெரிந்தன.
அரசாங்கக் கட்டடத்தின் கொம்பு வளைந்த கூரை மட்டும்
என் மூலைமட்டத்துக்குள் வர மறுத்தது.

இறக்கிவைத்துத் தலைப்பக்கம் சீவினோம்.
ஓரங்குலச் சீவல்கள் ஆறு, சிவப்பாக, பிஸ்கட் போல.
மதியத்துக்குள் ஆறு மரமும் உட்கார்ந்தன.
'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.
மீதி இருபத்தெட்டும் அடுத்த இரண்டு ஞாயிறு,
மழை விட்ட நேரங்களில்.

எடைமேடை அறையில் என் மேசை ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்தது.
ஒரு சீவலைக் காலுக்கு அடியில் செருகினேன்.
இப்போது மறுபக்கம் ஆடுகிறது.