ஒன்றின் வயது

தார்ஹான் நகரத்து வெந்நீர்க் குழாய்களுக்கு
நடுவே ஒரு தரகன் இருக்கிறான்.
கமிஷன் வாங்காதவன்.
நிலவறைகளில் பதித்த ஆயிரத்து நானூறு சென்சார்கள்
சூடு இவ்வளவு, அழுத்தம் இவ்வளவு என்று
அவன் கையில் திணித்துவிட்டுப் போகும்.
கேட்கிறவர் வரும்வரை வரிசையில் நிறுத்திவைப்பான்,
கொடுத்ததும் மறந்துவிடுவான்.

என் வேலை அவனுக்கும் வெளியே.
பதினைந்து விநாடிக்கு ஒருமுறை
என் சின்ன நிரல் போய்க் கதவைத் தட்டும்.
வந்தது எத்தனை? போனது எத்தனை?
வரிசையில் நிற்பது எத்தனை?
வாங்க வந்தவர்களில் எத்தனை பேர் உயிரோடு?
கிடைத்த எண்களை முந்தானையில் முடிந்துகொண்டு
உலான்பாத்தரின் கண்காணிப்புத் தளத்துக்கு ஓடும்.
அங்கே அவை கோடாகும்.
கோடு எகிறினால் என் போன் அலறும்.

உறையைப் பிரிப்பது வழக்கமில்லை.
தபாலை எண்ணுகிறவள் நான், படிக்கிறவள் அல்ல.
எண்ணிக்கை போதும் என்று
மூன்று குளிர்காலம் நம்பியிருந்தேன்.

ஜனவரி. வெளியே முப்பத்தெட்டு.
மைனஸ் என்று யாரும் சொல்வதில்லை,
இந்த மாதத்தில் அது சொல்லாமலே விளங்கும்.
ஜன்னலின் உள்பக்கம் பனி பூத்திருந்தது.
உப்புப் போட்ட பால்தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.
திரையில் எல்லாம் பச்சை.
வரிசையில் நிற்பது: ஒன்று.

ஒன்றுக்காக யார் எழுந்திருப்பார்கள்?
ஐந்நூறைத் தாண்டினால் எழுப்பு என்பது
நானே எழுதிய விதி.

தூக்கம் பிடிக்காத ஷிப்ட்டுகளில்
புதிதாக ஓர் எண்ணைச் சேர்ப்பது என் கெட்ட பழக்கம்.
அன்று சேர்த்தது இது:
நிற்பவற்றில் மூத்தது எது, அதற்கு என்ன வயது?

பதினைந்து விநாடி.
ஒரே ஒரு புள்ளி வந்து விழுந்தது.
ஒன்பது மணி பதினோரு நிமிடம்.

ஒரு பானைக்கு ஒரு சோறு பதம் என்பது
ஒரே அடுப்பில் வெந்த சோற்றுக்கு.

நோண்டிப் பார்த்தேன்.
அந்த ஒன்றை வாங்கிய நிரல்
படித்ததும் சுருண்டு விழுந்திருக்கிறது.
தரகன் அதைத் திரும்ப வரிசையில் நிறுத்தியிருக்கிறான்.
நிரல் எழுந்து, மறுபடி வாங்கி, மறுபடி விழுந்து,
இரண்டாயிரத்து இருநூற்று நான்கு தடவை.
நான் கதவைத் தட்டிய ஒவ்வொரு முறையும்
அது எழுந்து நின்ற நேரமாகவே அமைந்திருக்கிறது.
உயிரோடு, உயிரோடு, உயிரோடு
என்று குறித்துவைத்திருக்கிறேன்.

உறையைப் பிரித்தேன்.
கட்டடம் பதினேழு, நிலவறை, திரும்பு குழாய்.
மைனஸ் நான்கு.
அவ்வளவுதான் கடிதம்.

வெந்நீர்க் குழாய்க்குள் பூஜ்யத்துக்குக் கீழே
ஓர் எண் இருக்கும் என்று
நிரலை எழுதிய நெர்குய் நினைக்கவில்லை.
'பெயரில்லை' என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம்;
கெட்டது எதுவும் விலாசம் கண்டு வரக்கூடாதென்று
பெற்றவர்கள் வைத்தது.

மூன்று நாற்பதுக்குத் தம்தின்சூரனை எழுப்பினேன்.
திட்டிக்கொண்டே போனார், கேஸ் விளக்கோடு.
ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்:
"வெடிக்கல. வீங்கியிருக்கு.
மேல மூணு மாடியும் கோட்டு போட்டுக்கிட்டுத் தூங்குது."
யாரும் புகார் சொல்லவில்லையா என்றேன்.
"நேத்து சாயங்காலமே போன் பண்ணாங்களாம்.
நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள்னு
ஒரு குரல் சொல்லிக்கிட்டே இருந்துச்சாம்."

காலையில் நெர்குய் வந்து
ஒரு சின்னக் கோட்டுக்கு இடம் கொடுத்தார்.
ஒன்று, பூஜ்யமானது.
தேநீரில் ஏடு படிந்திருந்தது, அப்படியே குடித்தேன்.

விதியைத் திருத்தினேன்:
ஒன்றே நின்றாலும்
பத்து நிமிடம் நின்றால் எழுப்பு.

அடுத்த இரவே எழுப்பியது. ஒன்றுமில்லை.
அதற்கடுத்த இரவும்.
எழுந்து பார்த்துவிட்டுப் படுத்தேன்.