இடது தோளுக்கு ஆறு கண்ணி

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில் என் நூல்கடை.
மழை நின்றால் கதவைத் திறந்து வைப்பேன்.
ஆகவே கதவு மூடியே கிடக்கும்.

ரோக்வி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
எஞ்சின் அறை ஆள். நகக்கண்ணில் டீசல்.
"சால்வைக்கு நூல் வேண்டும்" என்றான்,
உதிரிபாகம் கேட்கிற குரலில்.

யாருக்கு?
அக்காவுக்கு.
உயரம்?
தன் மூக்குக்கு நேரே கையை வைத்தான்.
தோள் அகலம்?
யோசித்தான். "என் மழைக்கோட்டைப் போட்டால்
தோள் தையல் முழங்கைக்குப் பாதி வழியில் நிற்கும்."
எழுதிக்கொண்டேன்.
இதைவிட மோசமான அளவுகளோடு
மாப்பிள்ளைகள் வந்திருக்கிறார்கள்.

அவன் கை முதலில் போனது
மெல்லிய ஒற்றைப்புரி வெள்ளைக்கு.
எல்லார் கையும் அங்கேதான் போகும்.
உள்ளங்கையைக் காட்டு என்றேன்.
காய்ப்பு, வெடிப்பு, பழைய தீக்காயம் ஒன்று.
நூலை அதன்மேல் இழுத்தேன்;
ஒரு சாணுக்குள் மூன்று இடத்தில் மாட்டிற்று.
"உன் கைக்கும் இதற்கும் ஒத்துவராது.
கல்யாணம் என்றால் சமாளிக்கலாம்,
சால்வையில் முடியாது."

இரட்டைப்புரியில் மூன்று உருண்டை எடுத்துப் போட்டேன்.
கன்னம் பொய் சொல்லும், கழுத்தில் வை.
கண்ணை மூடிக்கொண்டு வைத்துப் பார்த்தான்.
முதலாவது குத்திற்று.
இரண்டாவது பஞ்சு;
இரண்டாம் குளிர்காலத்தில் கந்தலாகிவிடும்,
விற்கிற நானே சொன்னேன்.
மூன்றாவது சாயம் காணாத சாம்பல்,
ஆட்டின் எண்ணெய்ப்பசை இன்னும் போகாதது.
மோந்தான். இன்னொரு முறை மோந்தான்.
"இதில் எட்டு."

சண்டை ஊசியில்தான்.
எஃகு கேட்டான். எஃகை நம்பிப் பிழைக்கிறவன்.
கப்பல் சாய்ந்தால்
முந்நூற்று நாற்பது கண்ணியும்
எஃகிலிருந்து வழுக்கிக் கொட்டும் என்றேன்.
பிர்ச் மர ஊசி கொஞ்சம் பிடித்து வைக்கும்.
பருமன் நாலரை. தளர்வாக விழட்டும்,
கண்ணிக்குள் காற்று தங்கினால்தான் கதகதப்பு.

பணத்தை எண்ணி வைத்துவிட்டு வாசலில் நின்றான்.
"குத்தூசி இல்லாமல் நிற்குமா?"
எங்கள் தீவுச் சால்வை நிற்கும்.
தோளுக்கென்று கண்ணி குறைத்து வளைத்திருப்போம்.
குனியலாம், ஆட்டைத் துரத்தலாம்.
"ஆபரேஷனுக்கு அப்புறம்
இடது கையைத் தூக்க முடியவில்லை அவளால்.
நழுவினால் இழுத்துவிட..."
காற்று கதவைச் சாத்திற்று.

ஏழு வாரம், பேரண்ட்ஸ் கடல்.
இது கீழ்விளிம்பில் தொடங்கும் சால்வை.
அகலமான வரிசை முதலில்,
பொறுமை கைநிறைய இருக்கும்போதே.
தோள் கடைசியில்தான் வரும்.

திரும்பி வந்து என் மேசைமேல் விரித்தான்.
நடுவில் நாலைந்து வரிசை இறுகிக் கிடந்தது.
"புயல்" என்றான், விரலை வைத்து.
நான் தடவிக்கொண்டே மேலே போனேன்.
இடது தோளில் ஆறு கண்ணி கூடுதலாகக் குறைத்திருந்தது.
வலது பக்கம் அடங்கிப் படுத்திருக்க
இடது பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது.
"தப்பு. எண்ணிக்கை விட்டுப்போச்சு, பிரி" என்றேன்.
நாற்பது வருஷத்து வாய்.

"பிரித்தாயிற்று, ஒருமுறை.
சமமாகத்தான் போட்டிருந்தேன்.
வந்த இரவே போர்த்திப் பார்த்தாள்.
இடது பக்கம் சரிந்தது.
வலது கையால் இழுத்துவிட்டுக்கொண்டு
நன்றாயிருக்கிறது என்றாள்.
மறுபடி சரிந்தது."

கதவு மணி அடித்தது. சுன்வா.
ஒரு கையில் ரொட்டிப் பை,
மற்றது கோட்டுப் பையில்.
ரொட்டியை என் மேசையில் வைத்தாள்.
அவன் கோட்டைக் கழற்றிவிட்டு
சால்வையை எடுத்துப் போர்த்தினான்,
எஞ்சினுக்கு மூடி பொருத்துகிற கவனத்தோடு.

கோணல் எங்கே போயிற்று?
நான் சுற்றி வந்து பார்த்தேன்.
முதுகில் கோடு நேர்,
இரண்டு விளிம்பும் ஒரே உயரத்தில்.
அவள் குனிந்து
கீழ்த்தட்டிலிருந்த பச்சை நூலை எடுத்தாள்.
நிமிர்ந்தாள்.
"இது என்ன விலை?" என்றாள்.

மிச்சம் ஒன்றரை உருண்டை இருந்தது.
திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்றான்.
வெட்டிய நூலை எடுப்பதில்லை என்றேன்.
அப்புறம் எடுத்துக்கொண்டேன்.