முழு ஸ்கேன்

இந்த ஊரில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை.
ஈசஃப்யோர்தூரில் பனிப்புயல் மட்டும்தான் கேட்காமல் நுழையும்,
அதுவும் கொஞ்சம் கூச்சல் போட்டுவிட்டு.
இது கூச்சல் போடவில்லை.

'உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது.
நூற்றுத் தொண்ணூறு குரோனா கட்டவும்.'
படகு மோட்டாருக்கு உதிரிபாகம் கேட்டிருந்தான் ஏய்விந்தூர்.
அது நிஜம். அதனால்தான் நம்பினான்.
இணைப்பைத் திறந்தான். ஒன்றும் திறக்கவில்லை.
இன்னொரு தரம் திறந்தான்.
பிறகு மேசைக்கடியில் மின்விசிறி
மூச்சிரைக்க ஓட ஆரம்பித்தது,
மாடியில் யாரோ பெட்டிகளை நகர்த்துவதுபோல.
எங்கள் வீட்டுக்கு மாடி இல்லை.

கடைக்கார டின்தூர் போனில் சொன்னான்:
முதலில் நெட் வயரைப் பிடுங்கு.
அதில் எதையும் சொருகாதே.
முழு ஸ்கேன் போடு, அவசர ஸ்கேன் வேண்டாம்.
எவ்வளவு நேரமாகும் என்றேன்.
உன்னிடம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நேரம்.

நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கோப்புகள்.

எங்கள் மொழியில் இந்தப் பெட்டிக்குப் பெயர் டோல்வா:
எண்ணையும் குறிகாரியையும் முடிச்சுப்போட்டுச் செய்த சொல்.
அன்றிரவு குறிகாரி குறி சொல்லவில்லை.
வெறுமனே வாசித்தாள்.
திரையின் அடியில் ஒரே ஒரு வரி,
அதில் ஒரு பெயர் வரும், போகும், இமைக்கிற நேரம்.

வரிக்கணக்கு_இறுதி
வரிக்கணக்கு_இறுதி_நிஜமாகவே
ஸிக்ரூன்_மீன்சூப்
பூனை_எக்ஸ்ரே
குறட்டை_டாக்டருக்கு

ஏய்விந்தூர் ஸ்டூலை இழுத்துப் போட்டு
என் பக்கத்தில் உட்கார்ந்தான், தப்புச் செய்த பையன்போல
கையை மடியில் வைத்துக்கொண்டு.
பதினெட்டு வருடத்தில் இத்தனை நேரம்
இருவரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்தது
காரில் மட்டும்தான்.
குறட்டைக்குச் சிரித்தான். பூனைக்குச் சிரிக்கவில்லை.

அறுபத்திரண்டு சதவீதத்தில்
செல்ஃபோஸ்_ஒற்றை_அறை_வாடகை
வந்தது.
போயிற்று.

கோப்பையைத் தூக்கிக்கொண்டிருந்தான் அப்போது.
பாதி வழியில் கை நின்ற மாதிரி இருந்தது.
சூடாக இருந்திருக்கலாம்.
காப்பி ஆறி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு மார்ச் மாதம்.
வசிப்போர் எண்ணிக்கை என்ற கட்டத்தில்
1 என்று நிரப்பி
அனுப்பாமல் விட்ட படிவம்.
ஸ்கேனருக்கு அதன்மேல் ஒரு புகாரும் இல்லை.
அதைத் தாண்டி எங்கள் ஓவன் உத்தரவாத அட்டைக்குப் போய்விட்டது.

நாலரை மணிக்கு முடிந்தது.
ஆபத்து: ஒன்று.
சுங்க ரசீது வேஷத்தில்
பதிவிறக்கங்களின் நடுவே படுத்திருந்தது.
தனிமைப்படுத்தவா, நீக்கவா என்று கேட்டது.
நான் வாசித்து முடிப்பதற்குள் நீக்கினான்.

பிறகு டின்தூர் சொன்னபடி வெளி டிஸ்க்கைச் சொருகினான்.
இனிமேல் மாதம் ஒரு நகல், வேலை முடிந்ததும்
பிடுங்கி அலமாரியில் வைக்க வேண்டுமாம்.
"எல்லாத்தையும் எடுக்கட்டுமா?"
"எல்லாத்தையும்."
"செல்ஃபோஸையும்?"

துறைமுகப் பக்கம் பனி அள்ளும் வண்டி ஒன்று போனது.
அதன் மஞ்சள் விளக்கு எங்கள் சுவரில்
இரண்டு சுற்றுச் சுற்றி இறங்கியது.

"அதையும்" என்றேன்.

தலையசைத்தான். எல்லாவற்றுக்கும் சேர்த்து
ஒரே டிக்.

பாக்கி இருந்தது கடவுச்சொல்.
பழையது எங்கள் படகின் பெயர்.
படகு, தன் பெயரை முழ உயர வெள்ளை எழுத்தில் சுமந்துகொண்டு,
ஊரே பார்க்கிற இடத்தில் கட்டிக் கிடக்கிறது.
"புதுசை நீயே போடு"
என்று விசைப்பலகையை என் பக்கம் தள்ளினான்.

நான் தட்டும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.
அங்கே பார்க்க ஒன்றுமில்லை.
சூரியன் மலையைத் தாண்டி எட்டிப் பார்க்க
இன்னும் பதினொரு நாள்.

பதினாறு எழுத்து.
மறுபடியும் தட்டவும் என்றது.
தட்டினேன்.
அவன் இன்னும் திரும்பவில்லை.