செவ்வாய்தோறும் பஸ்

போன குளிர்காலத்தில் விவசாயிகள்
ஊர்ப் பெயர்ப்பலகைகளைக் கழற்றித்
தலைகீழாக மாட்டிவிட்டுப் போனார்கள்.
பால் விலைக்காகச் சண்டை.
முடிந்ததா, தெரியாது.
பலகைகள் அப்படியேதான் தொங்குகின்றன.

பக்கத்து இருக்கையில் திபோ
கழுத்தைச் சாய்த்து எழுத்துக் கூட்டுகிறான்:
லா... வெர்... நூஸ்.
ஆறு மாதத்துக்கு அவனிடம் லைசென்ஸ் இல்லை.
இரண்டு கிளாஸ்தான் என்றானாம்.
ஐந்து என்றதாம் ஊதச்சொன்ன கருவி.
பதினொரு வருடம் கூட வாழ்ந்தவள் நான்,
கருவியின் பக்கம்தான் சாட்சி சொல்வேன்.

என் பிழைப்பு ரொட்டி இயந்திரங்கள்.
பேக்கரி மூடிப்போன ஊர்களில்
தேவாலயத்துக்கும் பொதுக் கழிப்பறைக்கும் நடுவே
ஒரு தகரப் பெட்டி.
காசு போட்டால்
நீள ரொட்டி ஒன்று தடாலென்று விழும்.
சில்லறையை அள்ளுவேன்,
சிக்கியதைக் கம்பியால் இழுப்பேன்,
விளக்கு எரியாவிட்டால் ஏணி போடுவேன்.
நாளொன்றுக்குப் பதினான்கு ஊர்.
பதினான்கு மணிக்கூண்டு,
ஆளுக்கொரு நேரம் சொல்லும்.

இன்று சுமையில் இவனும் கூடுதல்.
மதியம் இரண்டுக்கு, மோர்வாலில்,
நோட்டரி முன்னால் வீட்டை விற்றுக் கையெழுத்து.
அங்கே பஸ் செவ்வாய்தோறும் மட்டும். இன்று வியாழன்.
"உன் வழிதானே, மிரேய்" என்றான் போனில்.
என் வழிதான்.
அதுதான் எரிச்சல்.

நடுரோட்டில் படுத்திருந்த நாய் எழுந்து
சுங்க அதிகாரி மாதிரி வேனை ஒரு சுற்றுச் சுற்றி
போகலாம் என்று விட்டது.
வெள்ளை மாடுகள் வேலியோரம்.
யாருமில்லாத பள்ளிக்கூடம், சன்னலில் இன்னும்
காகித மீன்கள்.

"அந்த நீல அலமாரி?"
"நீயே எடுத்துக்கொள்."
"என் அறையில் நிற்காது."
"என் அறையிலும்."
அப்புறம் ஆறு கிலோமீட்டருக்கு
வைப்பர் மட்டும் பேசியது.

மோன்க்ரெஸில் இயந்திரம் அடைத்திருந்தது.
திறந்தால்
பத்து பிராங்க் நாணயம், நடுவில் வெள்ளை, சுற்றிப் பொன்னிறம்.
செல்லாமல் போய் இருபது வருடத்துக்கு மேல்.
மாதம் ஒன்று வரும், இந்த ஊரில் மட்டும்.
யாரென்று விசாரித்ததில்லை.
என் பையிலிருந்து ஒரு யூரோ இருபது போட்டு
கணக்கை நேர் செய்துவிட்டு
ரொட்டியை எடுத்து மேல்தட்டில் வைப்பேன்.
திரும்பி வரும்போது இருக்காது.

"எத்தனை நாளாக இப்படி?"
"நாம் ஒரே வீட்டில் இருந்த காலத்திலிருந்து."
"சொன்னதே இல்லையே."
"நீ கேட்டதெல்லாம்
ரொட்டி மிச்சமிருக்கா என்பதுதான்."

அடுத்த ஊர் எல்லையில்
நிறுத்து என்றான்.
வேனிலிருந்து ஏணியை இறக்கினான், ஸ்பானரை எடுத்தான்,
தூறலில் நின்று
நான்கு திருகையும் தளர்த்தி
பலகையை நேராக்கினான்.
படிக்க முடிந்தது: சேன் அமூரே.
எனக்கு அது அந்நிய ஊர் மாதிரி இருந்தது.

ஒரு டிராக்டர் வந்து நின்றது.
உள்ளிருந்த பெண் இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினாள்.
"யார் சொன்னது உன்னை?"
"சண்டை முடிந்துவிட்டதென்று..."
"முடியவில்லை" என்றாள்.
எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தாள்
அவன் மறுபடி நான்கு திருகையும் தளர்த்தி
பலகையைக் கவிழ்த்து முடிக்கும்வரை.

நான் சிரித்தேன். ஸ்டியரிங்கில் நெற்றி முட்ட.
அவன் சிரிக்கவில்லை, நனைந்திருந்தான்.
பிறகு அவனுக்கும் வந்துவிட்டது.

மோர்வாலுக்குப் பத்து நிமிடம் தாமதம்.
நோட்டரி மூக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்து
பத்திரத்தை எங்கள் பக்கம் திருப்பினாள்.
கடைசித் தாளில் அவன் பெயருக்குக் கீழே
கட்டைவிரல் அளவுக்குக் கிரீஸ் கறை.
துடைத்தாள். பரவியது.
பரவாயில்லை, செல்லும் என்றாள்.

வெளியே மழை விட்டிருந்தது.
எனக்கு இன்னும் ஐந்து ஊர் பாக்கி.
பஸ் செவ்வாய்க்கிழமை.
அவன் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து
கேட்காமலே
கழுத்தைச் சாய்த்தான்.