மிதக்காத முட்டைகள்

ஆனி பிறந்துவிட்டால் பணகுடியில்
கதவுக்கு ஒரு கல் வேண்டும்,
கொடித்துணிக்கு இரண்டு கிளிப்,
சத்துணவுக் கூடத்து அடுப்புக்கு
ஞானசெல்வத்தின் முதுகு.
ஆரல்வாய்மொழிக் கணவாயில் கிளம்பும் காற்று
காற்றாலைகளைச் சுற்றிவிட்டு
மிச்ச பலத்தோடு எங்கள் ஜன்னலுக்கு வரும்.
தகரம் அடித்துத் தரச் சொல்லி
மனு எழுதி மூன்று ஆனி ஆயிற்று.

பதினோரு வருஷமாக இந்த அடுப்பில் நிற்கிறேன்.
தெரிந்துகொண்டதெல்லாம் தோலில் இருக்கிறது.
முழங்கையில் பளபளவென்று ஒரு தீவு:
குக்கர் மூடியை அவசரப்படுத்திய நாள்.
கணுக்காலில் இன்னொன்று:
சிந்திய கஞ்சியை
அப்புறம் துடைக்கலாம் என்று விட்ட நாள்.
கட்டைவிரலில் மூன்று தையல்.
அது மழுங்கின அரிவாள்மணை;
கூரானதிடம் பயம் இருக்கும்,
மழுங்கினதை அழுத்தத்தான் தோன்றும்.
இப்போது தலைப்பை இடுப்பில் செருகாமல்
தீப்பெட்டியைத் தொடமாட்டேன்.
கரண்டிக் காம்பு சுவரைப் பார்த்துத்தான் கிடக்கும்.
யோசிக்க வேண்டியதில்லை, கையே செய்துவிடும்.

அன்று முட்டை நாள்.
எனக்கு ஜலதோஷம், மூக்கு இருந்தும் இல்லை.
ஞானசெல்வம் குழாயடிக்குப் போயிருந்தாள்.
சோறு இறக்கியாயிற்று.
சாம்பார் சிறுதீயில் இருக்கிறது
என்றுதான் நினைத்திருந்தேன்.
முட்டைக்குப் பெரிய அடுப்பைப் பற்றவைக்கக்
குச்சியை எடுத்தபோது
வருகைச் சீட்டோடு வந்தான் சுயம்பு.
ரெண்டாங் கிளாஸ். என் இடுப்பு உயரம்கூடக் கிடையாது.
"யக்கா, முட்டை அழுகிப்போச்சு. நாறுது."

சீட்டில் நூற்று நாற்பத்திரண்டு என்று இருந்தது.
ஒரு வயிறு கெட்டால் போதும்,
மறுநாள் பேப்பரில் என் பெயர்.
குச்சியைப் பெட்டிமேல் வைத்துவிட்டு
அண்டாவில் தண்ணீர் நிரப்பி
அட்டை அட்டையாக இறக்கினேன்.
கெட்டது மிதக்கும்.
முப்பது படுத்துக்கொண்டன.
அறுபது.
தொண்ணூறும் படுத்துக்கொண்டன,
ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை.

"ஏல, எல்லாம் நல்லாத்தான இருக்கு?"
"இல்லக்கா. இங்கன கீழ வந்து பாருங்க."

குனிந்தேன்.
அடைத்த மூக்குக்கும் எட்டியது.
சாம்பார் அண்டாவின் அடியில்
நீலம் இல்லை.
சீறல் மட்டும் இருந்தது,
ஜன்னல் காற்றின் சத்தத்துக்குள்
ஒளிந்துகொண்டு.

சிலிண்டர் வாயு புகை மாதிரி மேலே போகாது.
பாய் விரித்ததுபோல் தரையில் கிடந்து
கொஞ்சம் கொஞ்சமாக உயரும்.
அன்று அது எழுந்து நின்ற உயரத்தில்
இருந்தது ஒரு மூக்குதான்.

திருகை அடைத்தேன்.
அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டேன்.
அதே நேரம் குடத்தோடு உள்ளே வந்த ஞானசெல்வம்
"என்னக்கா இது வாடை" என்று
ஃபேன் சுவிட்சுக்குக் கை நீட்டினாள்.
அவள் பெயரை நான் சொன்ன விதத்தில்
குடம் நழுவி வாசல்வரை உருண்டது.
கை மட்டும் அப்படியே அந்தரத்தில்.

கதவுக் கல்லைக் காலால் தள்ளினேன்.
மூன்று ஆனியாகத் திட்டித்தீர்த்த காற்று
ஜன்னல் வழியாக வந்து
தட்டுகளைக் கவிழ்த்து
வருகைச் சீட்டையும் சேர்த்து
அத்தனையையும் வாசல் வழியே வாரிக்கொண்டு போயிற்று.

கொடிக்கம்பத்தடியில் உட்கார்ந்த பிறகுதான்
முழங்கால் ஆட ஆரம்பித்தது.
சுயம்பு என் முகத்தையே பார்த்தான்.
"அப்ப முட்டை உண்டாக்கா?"
உண்டுல ராசா. உனக்கு ரெண்டு.

சாப்பாடு முக்கால் மணி நேரம் தாமதம்.
பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில்
ஹெட்மாஸ்டர் ஒரு வார்த்தை எழுதினார்: காற்று.
நான் கீழே கையெழுத்துப் போட்டேன்.

இப்போதும் குச்சியைக் கிழிக்கும் முன்
ஒரு தடவை குனிகிறேன்,
ரெண்டாங் கிளாஸ் உயரத்துக்கு.
என்ன தொலைச்சீங்க என்பாள் ஞானசெல்வம்,
கேட்டுக்கொண்டே அவளும் குனிவாள்.

தகரம் இன்னும் வரவில்லை.